ஆல்ட்டும் டேப்பும் சண்முகம் அண்ணனும்

சண்முகம் அண்ணன் இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலை ஏழரை மணி, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் பழைய டிராயிங் செக்‌ஷன் ஆட்கள் பதினைந்து பேர் இருக்கும் குழுவில் ரவிக்குமார் போட்டிருந்தான். மாரடைப்பு, வெள்ளகோவிலில் சொந்த வீட்டில், நேற்று சாயந்திரம். அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வரவில்லை. "பாவி மனுஷா, சொல்லாமலே போய்ட்டியே" என்றுதான் வாயில் வந்தது.

அவர் வாயிலிருந்து எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டியிருந்தது. 'அந்த இருபத்திமூன்றை அடித்தது நான்தான், அந்தப் பெண் இல்லை.' அவ்வளவுதான். அதற்காக ஒன்பது வருஷம் காத்திருந்தேன். மனுஷன் அதைச் சொல்லாமல் நழுவிவிட்டார். நழுவுவதில் அவர் கெட்டிக்காரர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். படத்திறப்பு அன்று கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். பக்கத்து மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் என்னைக் கேட்டீர்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தையா இல்லையா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

படத்திறப்புக்கு வரும் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் எங்கள் ஆபீஸ் தெரிந்திருக்காது. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. பம்பின் ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அளவு போட்டு, பட்டறைக்கு அனுப்புவது எங்கள் செக்‌ஷன் வேலை. நான் வரைகிறவள். சண்முகம் அண்ணன் சரிபார்க்கிறவர். சம்பளம் வாங்கியது அதற்குத்தான். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவர் செய்துவந்த வேலையோ கல்யாணத் தரகு. கரூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் எந்த ஊரில் எந்த வீட்டில் பெண் இருக்கிறது, என்ன நட்சத்திரம், எவ்வளவு உயரம், தோப்பு எத்தனை ஏக்கர் என்று பெரிய பட்டியலே அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்பெனி டிராயிங் அதற்குப் பின்னால் ஒரு ஓரமாகத் திறந்து கிடக்கும்.

அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். வலது கையில் டீ டம்ளர். இடது கை கீபோர்டை விட்டு நகராது. கட்டைவிரல் ஆல்ட் மேல், நடுவிரல் டேப் மேல். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டதும் 'டக்' என்று ஒரே ஒரு தட்டு. மூல நட்சத்திரப் பெண் மறைந்து, பம்பின் மேல்மூடி வந்து நிற்கும். சத்தம் தாண்டிப் போனதும் இன்னொரு தட்டு, பெண் திரும்பி வந்துவிடுவாள். டீ ஒரு சொட்டு சிந்தாது. இருபது வருஷ உத்தியோகத்தில் மனுஷன் சுத்தமாகக் கற்றுக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

அதைப் பற்றி அவருக்குப் பெருமை வேறு. கேட்காதவர்களுக்கும் எடுத்துச் சொல்வார். "மவுசைத் தேடிப் புடிச்சு, மூலைல இருக்கற பொட்டியை அமுக்கறதுக்குள்ள ஆளு பக்கத்துல வந்து நின்னு இருமிப்போடுவாங்க அம்மணி. இதுன்னா கண்ணு சிமிட்டற நேரமுங்க." புதிதாக வந்த ஒருத்தர், விண்டோஸ் பட்டனோடு 'டி'யைச் சேர்த்து அமுக்கினால் எல்லாமே ஒரேயடியாக மறைந்துவிடுமே அண்ணா என்று கேட்டார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டே பதில் சொன்னார். "எல்லாத்தையும் மறைச்சுப்போட்டு வெறுந்திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவனைத்தானுங்க மொதல்ல சந்தேகப்படுவாங்க. மறைக்கறது பெருசில்லீங்க. மறைச்ச எடத்துல ஒரு வேலை தெரியோணும்." செக்‌ஷனே தலையாட்டியது. இந்த மூளையில் கால்வாசியை ஒரு டிராயிங் மேல் காட்டியிருந்தால் கம்பெனி உருப்பட்டிருக்கும்.

அவர் ஒரே ஒரு தடவைதான் மாட்டினார். புது கம்ப்யூட்டர் வந்த வாரம். அதில் ஆல்ட்டைப் பிடித்த பிடியை விடாமல் டேப்பைத் தட்டினால், திறந்திருப்பது எல்லாம் சின்னச் சின்னப் படமாக வரிசை கட்டித் திரையில் வந்து நிற்கும். அது அண்ணனுக்குத் தெரியாது. மேனேஜர் கதிர்வேல் சார் பின்னால் வந்து நிற்கிறார், அண்ணன் பதறிப்போய்க் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறார். திரையில் டிராயிங் ஒன்று, மணப்பெண் போட்டோக்கள் ஆறு. கதிர்வேல் சார் குனிந்து பார்த்தார், கண்ணாடியைச் சரி பண்ணினார், "அந்த மூணாவது புள்ள எந்த ஊருங்க?" என்றார். அவர் தங்கை மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அன்றிலிருந்து மேனேஜரே அண்ணனின் கட்சி. இரண்டு வருஷம் கழித்து மேனேஜர் மகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்ததும் அண்ணன்தான். செக்‌ஷனில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அவர்தான் ஜாதகம் கொண்டுவந்தார். பின்னால் எனக்கு நடந்தபோது ஒருத்தரும் அவரைச் சந்தேகப்படாததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர்களும் இன்னொரு தடவை படியுங்கள். ஒரு நாள் முற்பகல் ஓர் இம்பெல்லர் டிராயிங் முடித்தேன். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. நடுவில் தண்டு நுழைய ஒரு துளை இருக்கும். அந்தத் துளை இருபது மில்லிமீட்டர். இருபது என்றுதான் போட்டேன். சரிபார்க்கச் சொல்லி அண்ணனுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு முதலாளி வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு செக்‌ஷனைச் சுற்றிக் காட்டினாராம். நான் திரும்பி வந்தபோது டிராயிங் சரிபார்த்துக் கையெழுத்தாகி பட்டறைக்குப் போயிருந்தது. பத்து நாள் கழித்து இம்பெல்லர்கள் லோடாக வந்து இறங்கின. தண்டை நுழைத்தால் லொடலொடவென்று ஆடியது. துளை இருபத்திமூன்று. சின்னதாகப் போயிருந்தால் இன்னும் குடைந்து சரி செய்துவிடலாம். பெரிதாகக் குடைந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அத்தனையும் உருக்குவதற்குத் திரும்பிப் போயின.

டிராயிங்கைத் திறந்து பார்த்தால் நான் போட்ட கோடு அப்படியே இருந்தது, எண் மட்டும் மாறியிருந்தது. எங்கள் சாஃப்ட்வேரில் எண் மேல் இரண்டு தட்டுத் தட்டி வேறு எண்ணை அடித்துவிடலாம், கோடு அசையாது. பட்டறைக்காரர்கள் கோட்டை அளப்பதில்லை, எண்ணைத்தான் படிப்பார்கள். செக்‌ஷன் முழுக்க ஒரே பாஸ்வேர்ட் என்பதால் யார் மாற்றினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. 'வரைந்தவர்' கட்டத்தில் என் பெயர் இருந்தது.

கதிர்வேல் சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் இருபதுதான் போட்டேன் என்றேன். "அப்பறம் இந்த இருபத்திமூணு எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் அண்ணன் பக்கம் திரும்பி, நீங்க பாத்தப்ப என்னங்க இருந்துச்சு என்றார். சண்முகம் அண்ணன் சொன்னார்: "நான் பாத்தப்ப இருபதுதானுங்க இருந்துச்சு. எல்லாம் சரியாத்தானுங்க இருந்துச்சு." அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பார்க்கும்போது சரியாக இருந்தது என்றால் அப்புறம் கை வைத்தது நான்தான் என்றுதானே ஆகிறது? "அண்ணா, நான் டீக்குப் போனப்ப டிராயிங் உங்க மிசின்லதானுங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் தன் முழங்காலைப் பார்த்தார். "ஞாபகமில்லீங்க அம்மணி" என்றார். ஆளைக் கவிழ்க்கும்போதும் 'ங்க' போடாமல் கவிழ்க்கமாட்டார்.

என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் அட்டைப்பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். பிறகு வேலையை விட்டுவிட்டு, சிங்காநல்லூரில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு சின்னப் பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அந்த எண் எனக்கு முன்னால் போய் எல்லா லேத் பட்டறையிலும் உட்கார்ந்திருந்தது. "ஓ, அந்த இருபத்திமூணு அம்மணி நீங்கதானுங்களா?" என்று சிரிப்பார்கள். வேலை கொடுப்பார்கள், நான் போட்டுக் கொடுத்ததை என் கண் முன்னாலேயே இன்னொருத்தரிடம் காட்டிச் சரிபார்ப்பார்கள். இந்தக் குழுவிலும் எனக்கு அதுதான் பெயர். ஒன்பது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் அடித்தேனோ, என் விரல்தான் தவறியதோ என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அந்த யோசனையை எனக்குக் கொடுத்ததற்காகவே அந்த மனுஷனை நான் மன்னிக்கப்போவதில்லை.

அவரைக் கல்யாண வீடுகளில் பார்ப்பேன். "சவுக்கியமுங்களா அம்மணி?" என்று அவராகவே வந்து கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு பந்தி, மழை, பெண் வீட்டார் என்று வேறு பக்கம் போய்விடும். பேச்சிலும் அவருக்கு அந்த இரண்டு பட்டன் இருந்தது. ஒரு தடவை சென்னிமலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது, போர்வைக் கடை ஒன்றில் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. பக்கத்தில் வந்து, "அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். சொல்லுங்கண்ணா என்றேன். அவர் உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து ரவிக்குமார் பின்னாலிருந்து வந்து, "என்னண்ணா, சீரியஸாப் பேசிட்டிருக்கீங்க?" என்றான். "ஒண்ணுமில்லப்பா, இந்தப் போர்வை சாயம் போகுமானு அம்மணிகிட்டக் கேட்டுட்டு இருந்தேன்" என்றார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. ரவி, உனக்கு அது ஞாபகமிருக்கும். நீ போர்வையைத் தடவிப் பார்த்து, சாயம் போகாதண்ணா என்று சொன்னாய்.

எரியூட்டிய அன்றைக்கு நான் போகவில்லை. நாலாம் நாள் நீங்கள் வேன் வைத்துத் துக்கம் கேட்கக் கிளம்பியபோது நானும் ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் நாலு கேள்வி கேட்கலாம் என்று நினைத்திருப்பேன். வெள்ளகோவிலில் வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி. ஆண்கள் வெளியே உட்கார்ந்தீர்கள். நான் உள்ளே போனேன். அண்ணன் மனைவி சரசக்கா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவை, மேனேஜர் மகள் கல்யாணத்தில் பார்த்தது. என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "தமிழ்ச்செல்விதான கண்ணு நீ?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக ஆபீஸ் ஆட்கள் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன்ற பேரைச் சொல்லாத வாரமில்ல கண்ணு. 'அந்தப் புள்ள இருபதுதான் போட்டிருந்துச்சு சரசு. மொதலாளி ஆளுகளோட உள்ள வந்துட்டாரு. சட்டுன்னு டிராயிங்குக்கு மாத்துனேன். வேலை செய்யற மாதிரித் தெரியோணும்னு எண்ணு மேல தட்டி என்னமோ அடிச்சு சேவ் பண்ணிப்போட்டேன். அதுவரைக்கும் உடுமலப்பேட்டைப் புள்ளையோட ஜாதகம் பாத்துட்டு இருந்தனா, அவ வயசு மண்டைக்குள்ளயே நின்னுபோச்சு. இருபத்திமூணு'ம்பாரு. சொல்லிப்போட்டுச் சாப்புடாமப் படுத்துக்குவாரு."

ஒரு பெண்ணின் வயசு. ஒன்பது வருஷம் என் பெயராக இருந்தது, முகம் தெரியாத எவளோ ஒரு பெண்ணின் வயசு. "ஊட்ல சொன்னாருங்களாக்கா? ஊட்ல மட்டுந்தானுங்களா சொன்னாரு?" என்று கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நானும் எத்தனையோ தடவை சொன்னேன் கண்ணு, ஆபீஸ்ல போயிச் சொல்லிப்போடுங்கன்னு. மானம் போயிரும்பாரு. அப்ப நானாச்சும் போன் பண்றேன்னு ஒருக்கா சொன்னேன். போனைப் புடுங்கி வெச்சுக்கிட்டாரு." வாரா வாரம் மனைவியிடம் சொல்லிச் சொல்லித் தன் பாரத்தை இறக்கிக்கொண்டு, மறுநாள் வந்து ஜாதகம் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

"அக்கா, இதை வெளிய உக்காந்திருக்கறவங்ககிட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். புருஷன் போய் நாலு நாள் ஆன ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். இப்போதும் அதற்காக வெட்கப்படவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் என்னை முறைத்தார்கள். சரசக்கா தரையில் கை ஊன்றி எழுந்தார். யாரோ, "நீங்க எங்கீங்க போறீங்க, வெளிய போகக் கூடாது" என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

மீதி உங்களுக்கே தெரியும், நீங்கள் பதினாலு பேரும் அங்கேதான் இருந்தீர்கள். வாசற்படியில் நின்று, "ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றீர்கள். இருபதை இருபத்திமூன்றாக அடித்தது எங்க ஊட்டுக்காரருதானுங்க, இந்தப் புள்ள இல்லீங்க என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கதிர்வேல் சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்பப் போயி அதெல்லாம் எதுக்குங்க? போனவரு போயிட்டாரு." சரசக்கா அவரை நேராகப் பார்த்தார். "இப்பத்தானுங்க சொல்ல முடியுது. அவரு இருந்தா என்னைச் சொல்ல உட்டிருக்க மாட்டாருங்க."

அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒருத்தர் போனை எடுத்துப் பார்த்தார். ரவிக்குமார் வேன் டிரைவரைக் கூப்பிடப் போனான். கதிர்வேல் சார் கைகூப்பிவிட்டு நடந்தார். திரும்பி வரும்போது காங்கயத்தில் டீ குடித்தோம். முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினீர்கள், பல்லடத்தில் ரோடு வேலை எப்போது முடியும் என்று பேசினீர்கள். ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவருக்காக அழவில்லை, எனக்காகத்தான் அழுதேன். அன்றைக்குச் சாயந்திரம் குழுவில், 'நேர்மையின் மறுபெயர் எங்கள் சண்முகம் அண்ணன்' என்று ஒரு படம் வந்தது. அதற்குக் கீழே கைகூப்பிய பொம்மைகள் பதினாலு. நான் எண்ணினேன். ஒரு வாரம் கழித்து ரவியின் செய்தி: 'இருபத்திமூணு அக்கா, மலருக்கு நீங்கதான் எழுதோணும்.'

எனக்கு இப்போது அண்ணன் மேல் இருப்பதைவிட உங்கள் மேல்தான் அதிக வெறுப்பாக இருக்கிறது. அந்த மனுஷனுக்காவது ராத்திரி சோறு இறங்கவில்லை. நீங்கள் காங்கயத்தில் டீயோடு வடையும் சாப்பிட்டீர்கள். செருப்புச் சத்தத்துக்குப் பயந்து அவர் இரண்டு பட்டனை அமுக்கினார். உங்களுக்குப் பட்டனே தேவைப்படவில்லை.

இதை எழுதியதும் முதலில் உங்களுக்கு அனுப்பவில்லை, சரசக்காவுக்கு அனுப்பினேன். அவர் வேண்டாமென்றால் கிழித்துப்போட்டுவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் மத்தியானம் போன் பண்ணினார். நிதானமாகத்தான் பேசினார். "படிச்சேன் கண்ணு. எல்லாம் நடந்தபடிதான் இருக்குது. ஒரே ஒரு எடத்துல மட்டும் மாத்திரு. 'இப்படி ஒரு பயந்த சுபாவத்தை'ன்னு எழுதியிருக்கற பாரு, அது வேண்டாம். படிக்கறவங்களுக்கு ஐயோ பாவமுன்னு போயிரும். கோழைன்னு போடு." சரிங்கக்கா என்றேன். அந்தப் பக்கம் அழுகிறார் என்று தெரிந்தது. அவர் அழுது முடிக்கும் வரை போனை வைக்காமல் இருந்தேன். பிறகு, "அவரைக் கட்டிக்கிட்டு முப்பது வருசம் இருந்தவ நானு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மாற்றிவிட்டேன். சண்முகம் அண்ணன் நினைவாக என்னிடம் இருக்கப்போவது சரசக்காவின் போன் நம்பரும், வாசற்படியில் நின்று அவர் சொன்ன அந்த வாக்கியமும்தான். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ரவி, இதை மலரில் போடுவதானால் ஒரு வரி விடாமல் போடு. முடியாதென்றால் அந்தப் பக்கத்தை வெறும் தாளாக விட்டுவிடு. போட்டால் கடைசியில் என் பெயரையும் போட வேண்டும். குழுவில் கூப்பிடும் பெயர் இல்லை, தமிழ்ச்செல்வி என்று.